ஒரு நாள் பயிலரங்கும் நம் ஊர் வெளிச்சமும்

பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஒரு கல்யாண மண்டபத்தின் மேடையை நினைத்துக்கொள்ளுங்கள். கூரையில் நீலம் பாய்ந்த வெள்ளைக் குழல்விளக்குகள். மேடை அலங்காரத்தில் மஞ்சள் சீரியல் விளக்குகள். மணமக்களுக்குப் பின்னால் நிறம் மாறிக்கொண்டே இருக்கும் எல்.இ.டி. திரை. பக்கத்தில் வீடியோக்காரரின் விளக்கு. மணமகன் பளிச்சென்ற வெள்ளை வேட்டி சட்டையில் இருப்பார். மணமகள் ஜரிகை மின்னும் பட்டில், கழுத்து நிறைய நகையோடு இருப்பார். இருவர் முகமும் நம் ஊர் முகம்: மாநிறம் அல்லது கறுப்பு. ஹோமப் புகை வேறு. கெட்டிமேளம் ஒலித்துத் தாலி ஏறும் நேரம் சில நொடிகள்தாம். அதற்குள் படம் வந்தாக வேண்டும். இவ்வளவு சிக்கலான வெளிச்சத்தை எந்த ஸ்டூடியோவிலும் யாரும் விரும்பி அமைக்கமாட்டார்கள். நம் ஊர்ப் புகைப்படக்காரருக்கு இது அன்றாட வேலை.

இந்த வேலைக்கு ஒளியைப் பற்றிய தெளிவான அறிவு வேண்டும். அதற்காகப் பலரும் நம்பியிருப்பது ஒரு நாள், இரண்டு நாள் ஒளியமைப்புப் பயிலரங்குகளை. கேமரா, ஃபிளாஷ் நிறுவனங்களும் அவற்றை விற்கும் கடைகளும் இவற்றை நடத்துகின்றன. புகைப்படக்காரர் சங்கங்களும் பெயர்பெற்ற கல்யாணப் புகைப்படக்காரர்களும்கூட நடத்துகிறார்கள். பெரும்பாலானவை சென்னை, கோவை, திருச்சி போன்ற நகரங்களில் நடக்கின்றன. இரயில் நிலையம் இல்லாத பெரம்பலூர்க்காரர்கள் பேருந்தில் போகிறார்கள். கார்டு லைனில் இருக்கும் அரியலூர்க்காரர்கள் இரயில் ஏறுகிறார்கள். ஸ்டூடியோ வைத்துப் பிழைப்பவரும், சம்பள வேலைக்கு நடுவே ஆசைக்குப் படம் எடுப்பவரும் ஒரே அறையில் உட்காருகிறார்கள்.

இந்தப் பயிலரங்குகள் தேவையானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இன்று இவை வார்க்கப்பட்டிருக்கும் அச்சு, கருவியைக் கையாளச் சொல்லித்தருகிறது. தன் ஊரின் வெளிச்சத்தையும் தன் மக்களின் முகத்தையும் பார்த்து முடிவெடுக்கச் சொல்லித்தருவதில்லை. நிறையையும் குறையையும் எடைபோட்டு, மாற்று என்ன என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்பு எப்படிக் கற்றார்கள்

தமிழ்நாட்டில் புகைப்படக் கலையைக் கற்பிக்கும் வழக்கம் பழையது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியில் அந்தப் பத்தாண்டிலேயே புகைப்படக் கலை கற்பிக்கப்பட்டது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே காட்சியாக்கினார். கல்வெட்டைப் படமெடுப்பதில் ஒளியின் முதல் பாடம் இருக்கிறது. வெளிச்சம் நேராக விழுந்தால் வெட்டிய பள்ளமும் கல்லின் மேற்பரப்பும் ஒன்றாகி எழுத்து மறையும். சாய்வாக வருடிச் சென்றால் ஒவ்வோர் எழுத்துக்கும் நிழல் பிறந்து அது எழுந்து நிற்கும். முகத்துக்கும் இதே விதிதான். மூக்கு, கன்னம், தாடை ஆகியவற்றின் வடிவத்தைக் காட்டுவது வெளிச்சம் வந்து விழும் திசை.

இத்தகைய அறிவு பின்னர் ஊர் ஸ்டூடியோக்களுக்குள் போய் அடைந்தது. ஒரு பையன் முதலாளியிடம் சேருவான். ஸ்டாண்ட் தூக்குவான், கல்யாணத்தில் சன்-கன் பிடிப்பான், டார்க் ரூமில் கூட நிற்பான். சில ஆண்டுகள் கழித்துக் கேமரா கைக்கு வரும். இந்த முறையில் பொறுமையும் பழக்கமும் வந்தன. ஒரே வேலையை நூறு முறை செய்ததால் கை தவறாது. ஆனால் விளக்கை ஏன் அந்த உயரத்தில் பிடிக்கிறோம் என்பதைப் பல பையன்களுக்கு யாரும் சொல்லவில்லை. முதலாளிக்குத் தெரியாதது பையனுக்கும் தெரியாமலே போயிற்று. தெரிந்ததும் தொழில் ரகசியமாகப் பூட்டப்பட்டது. முதலாளிக்கு உறவாகவோ வேண்டியவராகவோ இல்லாதவருக்கு அந்தக் கதவு எளிதில் திறக்கவில்லை. பெண்களுக்கு அநேகமாகத் திறக்கவே இல்லை.

டிஜிட்டல் கேமரா வந்ததும் நிலைமை மாறியது. எடுத்த நொடியில் படத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ள முடிந்தது. விலை குறைந்த சீன ஃபிளாஷ்களும் டிரிக்கர்களும் சந்தைக்கு வந்தன. 2006-இல் அமெரிக்கச் செய்திப் புகைப்படக்காரர் டேவிட் ஹாபி, கேமராவின் தலையிலிருந்து கழற்றிய ஒரு சிறு ஃபிளாஷை வைத்தே நல்ல ஒளியமைப்பைச் செய்யும் வித்தையை உலகுக்கு இலவசமாகச் சொல்லித்தரத் தொடங்கினார். பெரிய ஸ்டூடியோ விளக்குகள் இல்லாதவனும் ஒளியை ஆளலாம் என்ற நம்பிக்கை அப்போது பரவியது. நம் ஊர்களுக்குப் பயிலரங்குகள் வந்து சேர்ந்ததும் அந்த அலையில்தான்.

நிறைகள்

பயிலரங்கின் முதல் பெருமை, பூட்டியிருந்த அறிவைப் பொதுவில் வைத்தது. ஓர் எடுத்துக்காட்டு போதும். விளக்கிலிருந்து உள்ள தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாகாது, நான்கில் ஒரு பங்காகும். பள்ளி இயற்பியலில் எல்லோரும் படித்த விதிதான். ஆனால் மூன்று வரிசையாக உறவினர்களை நிறுத்தி குரூப் போட்டோ எடுக்கும்போது அது நினைவுக்கு வருவதில்லை. ஃபிளாஷ் முதல் வரிசைக்கு 2 மீட்டரிலும் கடைசி வரிசைக்கு 4 மீட்டரிலும் இருந்தால் பின்வரிசைத் தாத்தாவுக்கு முன்வரிசைக் குழந்தைக்குக் கிடைப்பதில் கால்பங்கு வெளிச்சமே கிடைக்கும். அதே ஃபிளாஷைப் பின்னுக்குத் தள்ளி முதல் வரிசையிலிருந்து 6 மீட்டரில் வைத்தால், கடைசி வரிசை 8 மீட்டரில் இருக்கும். அதற்குப் பாதிக்கு மேலேயே வெளிச்சம் போய்ச் சேரும். குறையும் மொத்த வெளிச்சத்தை ஃபிளாஷின் பவரைக் கூட்டியோ ஐ.எஸ்.ஓ.வை ஏற்றியோ ஈடுகட்டலாம். இதைக் கண்முன் செய்துகாட்டினால் ஒருவர் ஆயுளுக்கும் மறக்கமாட்டார். பழைய முறையில் இதை அறிய ஒருவருக்குப் பல முகூர்த்தங்கள் தேவைப்பட்டிருக்கும். நல்ல பயிலரங்கு அதைக் கால் மணி நேரத்தில் தருகிறது.

ஷட்டர் வேகம் மண்டபத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும், அபெர்ச்சர் ஃபிளாஷின் வெளிச்சத்தையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் என்பதும் அப்படித்தான். 1/200 அல்லது 1/250 நொடிக்கு மேல் ஷட்டரை விரட்டினால் சாதாரண ஃபிளாஷில் படத்தின் ஒரு பகுதி இருண்டுவிடும் என்பதை, தானே தவறு செய்து, ஆல்பத்தில் ஒரு முக்கியமான படம் பாழான பிறகு கற்றவர்கள் பலர். பயிலரங்கில் அந்தத் தவறைச் செய்தால் யாருக்கும் இழப்பில்லை. தவறு செய்ய ஓர் இடம் கிடைப்பது தொழில் செய்பவருக்குப் பெரிய உதவி.

இரண்டாவது நன்மை பணம் சார்ந்தது. அம்பர்லா, சாஃப்ட்பாக்ஸ், பியூட்டி டிஷ், கிரிட், ஸ்னூட் என்று கடையில் தொங்கும் ஒவ்வொன்றும் ஆசை காட்டும். கடன்பட்டு வாங்கியபின் இது தனக்குப் பயன்படாது என்று உணர்பவர்கள் உண்டு. பயிலரங்கில் எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பார்க்கலாம். எது தனக்கு வேண்டாம் என்றும் தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது நன்மை பெரம்பலூர், அரியலூர் ஆகிய இந்த இரு மாவட்டங்களுக்கு முக்கியமானது. தொழில்முறைக்காரரும் ஆர்வலரும் ஒருவருக்கொருவர் ஆசிரியர்கள். ஸ்டூடியோக்காரருக்கு மக்களை நிறுத்தவும், சிரிக்க வைக்கவும், சட்டென்று எடுக்கவும் தெரியும். பறவைக்காகக் காத்திருக்கும் ஆர்வலருக்கு வெளிச்சம் மணிக்கு மணி எப்படி மாறுகிறது என்பது தெரியும். அரியலூரின் கரைவெட்டி ஏரி 2024-இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே குளிர்காலக் காலைகளில் பறவைகளுக்காகக் கேமராவோடு நிற்பவர்களின் பொறுமையும், முகூர்த்த நாளில் ஓடியாடும் கலைஞரின் வேகமும் சந்திக்கும் இடங்கள் சிறிய ஊர்களில் குறைவு. பயிலரங்கு அந்தச் சந்திப்பை உண்டாக்குகிறது.

குறைகள்

இத்தனை நன்மை இருந்தும் பயிலரங்கிலிருந்து திரும்புபவரின் அடுத்த கல்யாண ஆல்பம் பெரிதாக மாறுவதில்லை. இதற்குக் காரணங்கள் தெளிவானவை.

முதல் காரணம் கூட்டம். ஒரு பயிற்சியாளர், ஒரு மாடல், ஒரே ஒளியமைப்பு, முப்பது நாற்பது பேர். பயிற்சியாளர் விளக்குகளை வைக்கிறார். எஃப்/8, 1/125, ஐ.எஸ்.ஓ. 100 என்று சொல்கிறார். எல்லோரும் அதையே வைத்துக்கொள்கிறார்கள். ஒரே டிரிக்கர் கைமாறிக் கைமாறி வருகிறது. ஆளுக்குச் சில கிளிக். முடிவில் எல்லோர் கையிலும் ஒரே படம் இருக்கிறது. படம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதில் எடுத்தவரின் முடிவு ஒன்றுகூட இல்லை. விளக்கை எங்கே வைப்பது, எவ்வளவு தூரம், எவ்வளவு பெரியது, நிழல் எந்தப் பக்கம் விழவேண்டும் என்ற நான்கு முடிவுகளும் வேறொருவருடையவை. ஒளியமைப்பு என்பதே இந்த முடிவுகள்தாம். அந்தப் படத்தைத் தன் படைப்பாகத் தன் மாதிரி ஆல்பத்தில் வைத்து வாடிக்கையாளரிடம் காட்டுவது இன்னும் பெரிய தவறு. கல்யாணத்துக்கு முன்பணம் தரும் குடும்பத்தார் அந்தத் திறமை இவருடையது என்று நம்பிவிடுகிறார்கள்.

இரண்டாவது காரணம், யார் செலவில் நடக்கிறது என்பது. விளக்கு விற்கும் நிறுவனத்தின் ஆதரவில் நடக்கும் பயிலரங்கில் எல்லாக் கேள்விக்கும் விடை இன்னொரு விளக்காகவே இருக்கும். நண்பகல் வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, 1/200 நொடி என்று வைத்தால் அபெர்ச்சர் எஃப்/11 பக்கம் போய் நிற்கும். அந்த வெயிலோடு போட்டிபோட, சாஃப்ட்பாக்ஸுக்குள் வைத்த சிறிய ஸ்பீட்லைட் பெரும்பாலும் போதாது. பெரிய பேட்டரி ஃபிளாஷ் வாங்குங்கள் என்பது விற்பனையாளரின் விடை. ஆளை ஒரு மரநிழலுக்கு நகர்த்துங்கள் என்பது ஒளியை அறிந்தவரின் விடை. ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரித் தோப்பின் நிழலில் நிறுத்தினால், இலைகளின் பச்சை தோலில் படியும், ஆகையால் தோப்பின் ஓரத்துக்கு நகர்த்தி, திறந்த வானத்தைப் பார்த்து முகத்தைத் திருப்புங்கள் என்பது இந்த மண்ணை அறிந்தவரின் விடை. மூன்றாவது விடைக்கு எந்தப் பெட்டியும் விற்காது. அதனால் அதைச் சொல்ல ஆளில்லை.

மூன்றாவது காரணம், தொடர்ச்சியின்மை. ஞாயிற்றுக்கிழமை மாலை சான்றிதழும் குழுப்படமும் வாங்கிக்கொண்டு கலைகிறார்கள். கற்றதை ஒருவர் தன் ஊரில் செய்து பார்த்தாரா, எங்கே தடுமாறினார் என்று யாரும் கேட்பதில்லை. எடுத்த படத்தை விரித்து வைத்து, இந்த நிழல் ஏன் இப்படி விழுந்தது என்று உட்கார்ந்து பேசும் விமர்சன அமர்வு பெரும்பாலான நிகழ்ச்சிநிரல்களில் இல்லை. இலக்கியத்திலும் இசையிலும் கறாரான விமர்சன மரபு நமக்கு உண்டு. புகைப்படத்தில் மட்டும் ‘சூப்பர்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம்.

நான்காவது, யார் வருவதில்லை என்பது. வளைகாப்பிலும் மஞ்சள் நீராட்டு விழாவிலும் பெண் புகைப்படக்காரரை விரும்பும் குடும்பங்கள் உண்டு. ஆனாலும் பயிலரங்குகளில் பெண்கள் மிகக் குறைவு. பல இடங்களில் வரும் ஒரே பெண் மாடலாக நிற்பவர்தான். அவரைச் சூழ்ந்து ஆண்கள் நெருக்கியடித்து நின்று எடுக்கும் காட்சி எந்தப் பெண்ணையும் கேமராவோடு அங்கே வர அழைக்காது. அந்த மாடலின் படங்களை யார், எங்கே, எதற்குப் பயன்படுத்தலாம் என்று எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத பயிலரங்கு, தொழில் ஒழுக்கத்தின் முதல் பாடத்திலேயே தோற்கிறது. விளக்கு பிடிக்கும் உதவியாளரும் வருவதில்லை. மண்டபத்தில் உண்மையில் ஒளியை அமைப்பது அவர் கைதான். ஆனால் ஒரு நாள் கட்டணமும் அன்றைய கூலி இழப்பும் அவருக்குக் கட்டுப்படியாகாது.

தோலின் நிறம்

எல்லாவற்றையும்விட ஆழமான குறை ஒன்று உண்டு. பயிலரங்கு மேடையில் நிற்கும் முகம் பெரும்பாலும் வெளிர்நிற முகம். கற்றுத்தரப்படும் ஒளியமைப்பு முறைகளும் அத்தகைய முகங்களுக்காக மேற்கில் உருவானவை.

இது கலையின் வரலாற்றிலேயே ஊறிய சாய்வு. வண்ணப்படச்சுருள் காலத்தில் அச்சுக்கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் அனுப்பிய மாதிரி அட்டைகளில் வெள்ளைக்காரப் பெண்களின் படமே இருந்தது. அவை ‘ஷெர்லி கார்டு’ என்றே பெயர்பெற்றன. அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கருதினார்கள். பழுப்பு நிறங்களைப் படச்சுருள் சரியாகக் காட்டவில்லை என்ற முறையீட்டை உரத்து வைத்தவர்களில் மரச்சாமான், சாக்லேட் விளம்பரக்காரர்களும் இருந்தார்கள். கறுத்த மனிதர்களின் குறைக்கு இல்லாத மதிப்பு விற்பனைப் பொருளின் நிறத்துக்கு இருந்தது. 2021-இல் கூகுள் தன் பிக்சல் தொலைபேசியில் எல்லாத் தோல் நிறங்களையும் சரியாகக் காட்ட ‘ரியல் டோன்’ என்ற வசதியைக் கொண்டுவந்தது, இந்தக் குறை அவ்வளவு காலம் நீடித்தது என்பதற்குச் சான்று.

கறுத்த தோலை எடுக்கும் முறை வேறு. வெளிர்ந்த தோல் தன்மேல் விழும் வெளிச்சத்தைப் பரவலாகச் சிதறடிக்கும். வடிவம் நிழலில் தெரியும். கறுத்த தோலில் வடிவத்தைக் காட்டுவதில் மேற்பரப்பின் மினுமினுப்புக்குப் பெரிய பங்குண்டு. ஆகவே வெளிச்சத்தை அள்ளிக் கொட்டுவதில் பயனில்லை. அதிகமானால் முகம் சாம்பல் பூத்துப்போகும். பெரிய, மென்மையான வெளிச்சத்தைப் பக்கவாட்டில், கன்ன எலும்பிலும் நெற்றியிலும் ஓர் ஒளிக்கோடு ஓடும் கோணத்தில் வைக்க வேண்டும். சிறிய ஃபிளாஷை நேராக அடித்தால் நெற்றியில் எண்ணெய்ப் புள்ளி போல வெள்ளைத் திட்டு விழும். நகையிலும் அதே திட்டு விழும். பெரிய வெளிச்சம் தோலையும் தங்கத்தையும் ஒருசேரக் காப்பாற்றும். கேமராவின் மீட்டர் வெள்ளைச் சட்டையைப் பார்த்து ஏமாந்து படத்தை இருட்டாக்கும் என்பதால், முகத்தைப் பார்த்து எக்ஸ்போஷர் வைத்து, சட்டையின் விவரம் போகாமல் விளக்கைச் சற்றே திருப்ப வேண்டும். இது நுட்பமான பாடம். ஒரு முழு நாளுக்கு உரிய பாடம்.

இந்தப் பாடம் இல்லாததால் என்ன நடக்கிறது? ஒளியில் செய்யத் தெரியாததைக் கம்ப்யூட்டரில் செய்கிறோம். ஆல்பம் டிசைனில் மணமகளின் முகம் வெளுக்கப்படுகிறது. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். வாடிக்கையாளரே கேட்கிறார் என்பது உண்மைதான். கறுப்பு முகம் ஒளியில் எவ்வளவு அழகாக வரும் என்று அவருக்கு யாரும் காட்டாததால் கேட்கிறார். ஒரு பெண் வாழ்நாள் முழுதும் வைத்திருக்கப்போகும் ஆல்பத்தில் அவள் முகத்தை மாற்றி அச்சிடுவது, உன் முகம் போதாது என்று அவளிடம் சொல்வதற்குச் சமம். இதைத் திருத்தும் வலிமை புகைப்படக்காரரிடம் இருக்கிறது. அதைத் தரும் கடமை பயிலரங்குக்கு இருக்கிறது.

வேறு வழிகள்

ஒரு நாள் அச்சுக்கு மாற்றுகள் நம் நாட்டிலேயே உண்டு. உதகை லவ்டேலில் இக்பால் முகமது நிறுவிய லைட் அண்ட் லைஃப் அகாடமி, மாதக்கணக்கில் தங்கிக் கற்கும் முறையைத் தேர்ந்தெடுத்தது. ஒளியைப் படிப்படியாக, தவறு செய்து, திருத்திக் கற்க அதில் நேரம் உண்டு. ஆனால் குடும்பத்தையும் ஸ்டூடியோவையும் விட்டுவிட்டு வேப்பந்தட்டையிலிருந்தோ செந்துறையிலிருந்தோ ஒருவர் அப்படிப் போய்த் தங்குவது எளிதல்ல.

இன்னொரு திசை புகைப்படக் கலைஞர் பழனிகுமாருடையது. மலக்குழிக்குள் இறங்கிச் சாகும் தொழிலாளர்களின் வாழ்வைப் படமாக்கியவர், ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். எளிய குடும்பத்துக் குழந்தைகளிடம் கேமராவைக் கொடுத்து அவர் பயிற்சி நடத்துகிறார். அங்கே முதலில் வரும் கேள்வி எந்த விளக்கு என்பதல்ல. உன்னைச் சுற்றி இருப்பதில் எதை நீ பார்க்கிறாய் என்பது. 2016-இல் தொடங்கிய சென்னை ஃபோட்டோ பினாலே, படங்களைப் பொதுமக்கள் முன் வைத்துப் பேசும் பண்பாட்டை வளர்த்தது. ஒளியமைப்புப் பயிலரங்குகள் இந்த இரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

குறைந்த கருவியில் பெரிய விளைவு என்பதற்கு இந்தியாவிலேயே உலகப் புகழ்பெற்ற சான்று உண்டு. சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ (1956) படத்துக்காகக் காசி வீட்டின் முற்றத்தை ஸ்டூடியோவில் அமைத்தார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, முற்றத்தின் மேல் வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை அதில் அடித்துத் திருப்பி, வானத்திலிருந்து இறங்கும் நிழலில்லா வெளிச்சத்தை உண்டாக்கினார். அவரிடம் புதிய விளக்கு எதுவும் இல்லை. முற்றத்தில் வெளிச்சம் உண்மையில் எப்படி வருகிறது என்ற கேள்வியிலிருந்து விடை பிறந்தது. நம் மண்டபத்திலும் ஒரு வெள்ளை வேட்டியோ தெர்மாகோல் பலகையோ அந்த வேலையைச் செய்யும். நீலமோ பச்சையோ அடித்த சுவரில் ஃபிளாஷைத் திருப்பி அடித்தால் அந்த நிறம் முகத்தில் ஏறும் என்பதால், வேட்டி சில நேரங்களில் சுவரைவிட மேல்.

இந்த மண்ணில் ஒரு பயிலரங்கு

இந்த இரு மாவட்டங்களும் ஒளியைக் கற்க நல்ல இடங்கள். வெளியூர் மாடலையும் வெளியூர் அரங்கையும் தேட வேண்டியதில்லை.

முதல் வகுப்பைக் கங்கைகொண்ட சோழபுரத்தில் வைக்கலாம். முதலாம் இராசேந்திரன் அங்கே எழுப்பிய கோயில் 2004-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. வடபுற வாயிலருகே சண்டேசருக்குச் சிவன் மலர்மாலை சூட்டும் சிற்பம் இருக்கிறது. இவ்வூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் சற்று வடக்கே சாய்ந்து நிற்கும். அப்போது வடசுவரை உச்சி வெயில் மேலிருந்து வருடி இறங்கும்; புடைப்புகள் எழுந்து தெரியும். மற்ற மாதங்களில் அதே சுவர் நண்பகலில் நிழலில் மென்மையாக இருக்கும். ஒரே கல், ஒரே நேரம், வேறு மாதம், வேறு படம். விளக்கே இல்லாமல் ஒளியமைப்பின் அடிப்படை முழுவதையும் இங்கே கற்கலாம். டிரைபாடுக்கும் விளக்குகளுக்கும் தொல்லியல் துறையின் முன்அனுமதி வேண்டும் என்பதும், சந்நிதிக்குள் ஃபிளாஷ் அடிக்கக்கூடாது என்பதும் பாடத்தின் பகுதிகளே.

இரண்டாவது வகுப்பு பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில். கிரெட்டேசியக் காலக் கடலின் படிவுகள் மழைநீரால் அரிக்கப்பட்டுக் கிடக்கும் வெட்டவெளி அது. ஒரு மரம்கூட இல்லாத இடத்தில் உச்சி வெயிலில் ஒரு முகத்தை எடுப்பது எப்படி? தரையிலிருந்து எழும் எதிரொளி தாடைக்குக் கீழே என்ன செய்கிறது? மெல்லிய துணியை ஆளுக்கும் சூரியனுக்கும் நடுவே பிடித்தால் என்ன மாறுகிறது? இவற்றைச் செய்து பார்க்க வேண்டிய இடம் இது. அங்கே தொல்லுயிர்ப் படிமங்களை மிதிப்பதும் பொறுக்கி எடுத்துவருவதும் தவறு என்பதையும் அதே வகுப்பில் சொல்ல வேண்டும். ப்ரீ-வெட்டிங் படங்களுக்காக அழகிய இடங்களைத் தேடுபவர்களே அந்த இடங்களின் காவலர்களாகவும் இருக்க வேண்டும்.

மூன்றாவது வகுப்பு, கல்யாண மண்டபத்தில். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. மண்டபமும் காலி, கலைஞர்களும் ஓய்வு. குழல்விளக்கு, அலங்கார விளக்கு, எல்.இ.டி. திரை எல்லாவற்றையும் எரியவிட்டு, ஒவ்வொருவரும் தம் சொந்த ஃபிளாஷோடு, தம் சொந்த உதவியாளரோடு வரவேண்டும். மஞ்சள் விளக்குக்கு ஈடாக ஃபிளாஷின் மேல் ஆரஞ்சு ஜெல் கட்டுவது, விளக்குகளின் சிமிட்டல் படத்தில் கோடாக விழாமலிருக்க ஷட்டரை 1/50, 1/100 என்று வைத்துப் பார்ப்பது ஆகியவற்றை அங்கேயே பழகலாம். எதிரே உட்காருபவர்கள் உள்ளூர்க்காரர்களாக இருக்கட்டும்: வயலில் வேலை செய்யும் அம்மா, விபூதி பூசிய தாத்தா, கல்லூரி மாணவி, கைக்குழந்தை. அவர்களுக்கு உரிய கூலியும், எடுத்த படத்தின் பிரதியும், படத்தை எங்கே பயன்படுத்துவோம் என்ற உறுதியும் தரவேண்டும். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது.

நான்காவது வகுப்பு ஒரு மாதம் கழித்து. எடுத்த படங்களை, கெட்ட படங்களையும் சேர்த்து, அச்சிட்டுக் கொண்டுவந்து மேசையில் விரித்துப் பேச வேண்டும். தேறியவற்றை ஆகஸ்ட் 19, உலகப் புகைப்பட நாளில் பேருந்து நிலையத்திலோ நூலகத்திலோ ஊர்மக்கள் பார்க்க வைக்கலாம். தங்கள் நிறத்தில், தங்கள் முகத்தோடு தாங்களே அழகாக இருப்பதை மக்கள் பார்க்கும்போது, முகத்தை வெளுத்துத் தரச் சொல்லும் கோரிக்கையும் மெல்லக் குறையும்.

இதற்குச் செலவாகாதா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஆகும். ஆனால் வெளியூர் மாடலுக்கும் நட்சத்திரப் பயிற்சியாளருக்கும் விடுதி அரங்குக்கும் ஆகும் செலவு இங்கே இல்லை. சங்கங்கள் மனம் வைத்தால் உதவியாளர்களுக்கும் பெண்களுக்கும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முடியும். நிறுவனங்கள் கருவிகளைத் தந்து உதவலாம்; பாடத்திட்டத்தை மட்டும் அவர்கள் கையில் கொடுக்கக் கூடாது.

முடிவாக

ஒளியமைப்புப் பயிலரங்குகள் ஸ்டூடியோவின் பூட்டை உடைத்தன, கற்க விரும்பிய பலருக்கும் கதவைத் திறந்தன. அந்த நன்றிக்கடன் நமக்கு உண்டு. ஆனால் திறந்த கதவுக்குள் கூட்டத்தையும் விற்பனையையும் அந்நிய முகத்தையும் நிரப்பிவிட்டதால், உள்ளே போனவர் கருவியோடு திரும்புகிறார், கற்ற பார்வையோடு திரும்புவதில்லை. ஒரு பயிலரங்கு வென்றதா என்பதை அங்கே எடுத்த படத்தை வைத்து அளக்கக் கூடாது. கலந்துகொண்டவர் தன் ஒற்றை ஃபிளாஷோடு அடுத்த முகூர்த்தத்துக்குப் போய், யாரும் சொல்லாமல் தானே விளக்கின் இடத்தை முடிவுசெய்து, மணமக்களின் உண்மை நிறத்தைக் காப்பாற்றினாரா என்பதே அளவுகோல். அந்த அளவுகோலில் இன்றைய பயிலரங்குகள் பாதி மதிப்பெண்ணைத் தாண்டவில்லை.

அடுத்த பயிலரங்குக்குப் பணம் கட்டும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: எத்தனை பேர் சேருகிறார்கள்? விளக்கை நான் வைக்கலாமா? எதிரே நிற்கப்போவது எங்கள் ஊர் முகமா? எடுத்த படத்தைப் பின்னர் யார் பார்த்துத் திருத்துவார்கள்? பதில் திருப்தியாக இல்லையென்றால், அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு நான்கு நண்பர்கள் சேர்ந்து ஆடி மாதத்தில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுங்கள். பெரம்பலூர், அரியலூர் சங்கங்களும் மூத்த கலைஞர்களும் இந்தப் பொறுப்பைத் தாமே ஏற்க வேண்டும். நம் மக்களின் முகத்துக்கு ஏற்ற ஒளியை வெளியிலிருந்து யாரும் வந்து கற்றுத்தரப் போவதில்லை. அதை நாமே கண்டறிந்து, நாமே கற்பிக்க வேண்டும்.